மொட்டையன் பக்கத்து நியாயம்

படங்களில் எனக்கு இரண்டாம் பாகம்தான் பிடிக்கும், தம்பி. முதலாம் பாகம் ஓடும்போது கொட்டாவி வரும். நீங்கள் கடிதங்களைப் பற்றிக் கேட்க, கிழவன் படத்தைப் பற்றிக் கதைக்கிறானே என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் சுற்றிப் போனாலும் அங்கேதான் வந்து சேருவேன். தேத்தண்ணியைக் குடியுங்கள். பனங்கட்டி இன்னொரு துண்டு எடுக்கலாம். எனக்குச் சீனி வருத்தம் இல்லாதபடியால் இந்த வீட்டில் பனங்கட்டிக்குத் தடை இல்லை.

பஞ்சலிங்கத்துக்கு இருந்தது. அடுத்த வீட்டுப் பஞ்சலிங்கம். உங்களை இங்கே அனுப்பிய குகதாசனின் தகப்பன். வருகிற பங்குனியோடு அவன் செத்து ஒரு வருடம் ஆகிவிடும். சண்டை நின்று, பேச்சுவார்த்தை என்று பாதை கொஞ்சம் இளகியவுடன் நீங்கள் இவ்வளவு தூரம் வந்து, மேசையில் மூன்று கடிதப் பிரதிகளை விரித்துவைத்து, "ஐயா, இதெல்லாம் இங்கை வந்து சேர்ந்ததோ?" என்று மரியாதையாகக் கேட்டீர்கள். ஓம், சேர்ந்தது. மூன்றும் சேர்ந்தது. அசல்கள் அந்த பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கின்றன. தம்பி பிறகு எடுத்துப் பார்க்கலாம். அவை ஓடிப் போகாது.

நான் றெயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் கிளாக்காக இருந்தவன். எண்பத்து மூன்றில் கலவரத்தோடு கொழும்பு போதுமென்று இந்த உடுவிலுக்கு வந்தேன். மனைவி அதற்கு முந்தியே போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. வேலை நாளில் நான் கற்ற இங்கிலீசு, தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று கையெழுத்து வைக்கப் போதுமான இங்கிலீசு. ஊருக்கு அது போதும். இந்த ஒழுங்கையில் யாருக்கு இங்கிலீசுக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஒரு தரம் கனைத்து, தமிழில் சொல்லுவேன். நான் சொன்னதுதான் கடிதம்.

இன்னொரு தொழிலும் இருந்தது, சம்பளமில்லாத தொழில். கதை விடுவது. முருகண்டிக்கு அங்கால் நான் வேலை பார்த்த சின்ன ஸ்ரேசனில் ஒரு கொம்பன் யானை தினமும் காலை மெயில் வரும் நேரத்துக்குப் பிளாற்போமில் வந்து நிற்கும் என்று சொல்லுவேன். ஏறாது. இறங்குகிற யாரையும் தேடாது. றெயில் புறப்பட்டதும் தும்பிக்கையை ஒரு தரம் தூக்கிவிட்டுக் காட்டுக்குள் போய்விடும். இதைக் கேட்ட நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் "உங்கடை புளுகு" என்று சிரித்துவிட்டு எழும்பிப் போனார்கள். பஞ்சலிங்கம் மட்டும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"அண்ணை, அது ஆரை வழியனுப்ப வந்தது?"

எனக்குத் தெரியவில்லை. கதையை உண்டாக்கிய எனக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை. அன்று இரவு முழுக்க யோசித்து அடுத்த நாள் பதில் கொண்டுபோனேன். அதற்கும் ஒரு கேள்வி கேட்டான். "அப்ப பிளாற்போம் ரிக்கற்?" அப்படியே பத்து வருடம். ஒரு மனிதனின் பொய்க்கு அடுத்த கேள்வி கேட்கிற ஆள் கிடைப்பது, தம்பி, பெண் கிடைப்பதை விட அரிது. நீங்கள் இளம் ஆள், இது இப்போது விளங்காது.

அவன் தண்ணீர் இறைக்கிற மெஷின் திருத்துகிறவன். தொண்ணூறில் கரண்ட் நின்ற பிறகு, எங்கேயோ உடைந்து கிடந்த ஒரு ஜெனறேற்றரைத் தூக்கி வந்து, சேலைன் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு இழுத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட வைத்தான். ரீவியும் கசெற் போடுகிற டெக்கும் அவனிடம் முன்பே இருந்தன. பின்னேரங்களில் அவனுடைய கொட்டிலின் இடைவெளிகளில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கிப் படம் போட்டோம். வருகிறவர்கள் ஆளுக்குக் கால் போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டும். தமிழ்ப் படங்கள் தேய்ந்து கோடு கோடாக ஓடத் தொடங்கிய பிறகு, யாரோ விட்டுவிட்டுப் போன இங்கிலீசுக் கசெற்றுகள் இரண்டு அகப்பட்டன. பறக்கிற மனுசனின் படம், முதலாம் பாகமும் இரண்டாம் பாகமும். ரீவியில் சத்தம் போய்விட்டது. சத்தம் இருந்தாலும் யாருக்கும் விளங்கப் போவதில்லை. ஆகவே நான் ஒரு பூவரசம் தடியோடு ரீவிக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னேன். பறக்கிறவனுக்குப் பறவைக்காரன் என்றும், கெட்டவனுக்கு மொட்டையன் என்றும் பெயர் வைத்தேன். அவனுக்குத் தலையில் மயிர் இல்லை.

முதலாம் பாகம் யாருக்கும் பிடிக்கவில்லை. பறவைக்காரன் எப்படிப் பறக்கப் பழகினான், உடுப்பை யார் தைத்தார்கள், எந்தக் கூரையில் முதலில் மோதினான் என்று காட்டி முடிக்கவே நேரம் சரி. மொட்டையனுக்கு மிஞ்சியது கடைசி அரை மணித்தியாலம். அதற்குள் அவன் சிரித்து, நாலு கட்டடத்தை உடைத்து, பிடிபட்டு மறியல் கம்பிக்குப் பின்னால் போக வேண்டும். ஏன் உடைத்தான் என்று கேட்க ஒருவருக்கும் அவகாசமில்லை. சனம் எழும்பிச் சாறத்தைத் தட்டிவிட்டுப் போனது.

இரண்டாம் பாகத்தில் பறவைக்காரனைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அவன் பறக்கிறவன் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தான். ஆகவே நேரம் மிஞ்சியது. மிஞ்சிய நேரம் மொட்டையனுக்குப் போனது. நேரம் கிடைத்தவனுக்கு நியாயமும் கிடைத்துவிடும், தம்பி. கச்சேரிக் கந்தோரானாலும் கோட்டு வழக்கானாலும் நான் கண்டது அதுதான். நீங்களும் இப்போது எனக்கு நேரம் தருகிறீர்கள்.

நடுப் படத்தில் மொட்டையன் ஒரு கடற்கரையில் நின்று பறவைக்காரனைப் பார்த்து நாலு நிமிடம் கதைக்கிறான். கண் கலங்கியிருக்கிறது. அவன் என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சத்தம் இருந்திருந்தாலும் றெயில்வே இங்கிலீசில் அழுகை இல்லை. வாயசைவை நாலு நிமிடம் நிரப்ப வேண்டியிருந்ததால் நான் ஒன்றைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள் என்றேன். பின்னேரத்தில் ஒரே மதகில் இருந்து கதைத்தவர்கள். ஒருவனுக்குப் பறக்க வந்தது, மற்றவனுக்கு வரவில்லை. பறக்க வந்தவன் அடுத்த நாளே போய்விட்டான். போனவன் உலகத்தில் உள்ளவர்களையெல்லாம் காப்பாற்றுகிறான். மதகில் இருந்தவனைப் பார்க்க ஒரு தரம் வரவில்லை. மொட்டையன் கட்டடம் உடைத்ததெல்லாம், சத்தம் கேட்டால் அவன் வருவான் என்றுதான். இப்போது அவன் கட்டுகிற பெரிய மெஷின் குண்டு போடுகிற மெஷின் இல்லை. பறக்கிறவனை நிலத்துக்கு இழுக்கிற மெஷின்.

கொட்டிலில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். பிறகு இரத்தினம்மாவின் குரல் கேட்டது. நாலு பெடியன்களும் வெளிநாட்டில், வீட்டில் அவளும் ஒரு ஆடும்.

"உந்தப் பறக்கிறவனுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு கிடையாதோ? ஒரு கடிதமாவது போட்டானோ கேளுங்கோ முருகேசண்ணை."

"போடேல்லையாம்," என்றேன்.

"பாவம் மொட்டையன். நல்லா இழுக்கட்டும்."

அன்றைக்கு அங்கே இருந்த எல்லோரும் மொட்டையன் பக்கம். தொண்ணூற்றிரண்டில் இந்த ஒழுங்கையில் ஆள் குறையாத வீடு ஒன்றும் இல்லை. கடைசியில் மொட்டையன் கடலுக்குள் விழுகிறான், படத்தில் அப்படித்தான் இருக்கிறது, நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீந்தி வந்துவிடுவான் என்று மட்டும் சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு முதலாம் பாகத்தை யாரும் கேட்கவில்லை. இரண்டாம் பாகத்தைப் பதினேழு தரம் போட்டோம். பதினேழு தரமும் அழுதார்கள். அதிலிருந்து எனக்கு ஒன்று விளங்கியது. செய்ததை யாரும் எடைபோடுவதில்லை. ஏன் செய்தான் என்பதை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் சனம் தலையாட்டிவிடும்.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன்.

பஞ்சலிங்கத்தின் இன்சுலின் போத்தல்கள் கிணற்றடியில், ஈர மணலுக்குள் புதைத்த ஒரு முட்டியில் இருந்தன. குளிர்ப்பெட்டி இல்லாத காலம். மருந்து வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வராத மாதங்களில் அவன் ஊசியைப் பாதி அளவாகப் போட்டுக்கொள்வான். குகதாசன் வெளிநாட்டில் இருந்து தாய் தகப்பனைக் கூப்பிட மனுப் போட்டிருந்தான். போனால் மருந்து கிடைக்கும், போகாவிட்டால் நாட்களை எண்ண வேண்டியதுதான் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

தொண்ணூற்று மூன்று ஆனியில் முதல் கடிதம் வந்தது. அந்த நாட்களில் வெளிநாட்டு அலுவலகங்களின் மறுப்புக் கடிதங்கள் எல்லாம் றிக்றெட் என்ற சொல்லோடுதான் வரும். வருந்துகிறோம் என்று அர்த்தம். வாசித்து வாசித்து ஊரே அந்தச் சொல்லை அறிந்திருந்தது. கலியாணம் குழம்பினால்கூட "பொம்பிளை வீட்டிலை றிக்றெட்டாம்" என்பார்கள். இங்கிலீசில் ஒரு எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அந்தச் சொல்லின் உருவம் தெரியும், செத்த வீட்டு வாசலில் கட்டின வாழை மரம் தெரிவது போல.

பஞ்சலிங்கம் உறையைக் கிழித்துக் கடிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டே வேலியைத் தாண்டி வந்தான். வரும்போதே முகம் விழுந்துவிட்டது.

"அண்ணை, வாசிக்கத் தேவையில்லை. முதல் வரியிலையே கிடக்கு."

விரலை வைத்துக் காட்டினான். கிடந்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, உங்கள் மனு ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது, நீரும் மனைவியும் ஆவணி பன்னிரண்டாம் தேதி வைத்தியப் பரிசோதனைக்குக் கொழும்பு வர வேண்டும் என்று இருந்தது. நான் இரண்டு தரம் வாசித்தேன்.

"றிக்றெட் தானே அண்ணை?"

"ஓம்," என்றேன். "றிக்றெட் எண்டுதான் போட்டிருக்கு."

இது பொய்யா, தம்பி? அந்தச் சொல் அங்கே இருந்தது. அவன் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். அவன் கேட்காததற்கு நான் பதில் சொல்லவில்லை. அவன் கடிதத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டான். பிறகு, "சரி, விடுங்கோ. உங்கடை யானை இப்ப எப்பிடி?" என்று கேட்டான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று நான் சொன்ன கதையைப் போல ஒரு கதையை என் வாழ்நாளில் சொல்லவில்லை.

நான் யோசிக்காமல் செய்யவில்லை. கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் தாண்டிப் போக வேண்டும், நேவி கண்டால் சுடும், அது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். பிறகு பாஸ் என்கிற அனுமதித் துண்டு, பஸ், கொழும்பில் தங்க ஒரு இடம். எல்லாம் முடிந்து அங்கே போனாலும் என்ன? சப்பாத்துப் போட்டு அறியாத மனிதன். யன்னலுக்குப் பக்கத்தில் இருத்தி வைத்திருப்பீர்கள், வெளியே பனி கொட்டும். அவன் யாரிடம் என்ன கேள்வி கேட்பான்? மெஷின் திருத்துகிறவனுக்கு அங்கே எந்த மெஷினைத் தருவீர்கள்? இதையெல்லாம் அவனுக்காகத்தான் நினைத்தேன். கொட்டிலில் இருந்து படம் பார்க்கிற சனத்துக்காகவும் நினைத்தேன். அவன் போனால் ஜெனறேற்றரைக் கிளப்ப ஆளில்லை.

இரண்டாம் கடிதம் ஐப்பசியில் வந்தது. நீர் வரவில்லை, கார்த்திகையில் இன்னொரு தேதி தருகிறோம் என்று. பஞ்சலிங்கம் அதை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"இதிலை றிக்றெட்டைக் காணேல்லையே அண்ணை."

"இல்லை," என்றேன். அதையும் மறைக்கவில்லை.

"அப்ப என்னவாம்?"

"சோதனைக்கு வரட்டாம்."

இதுவும் கடிதத்தில் உள்ளதுதான். வைத்தியச் சோதனை. நான் வைத்தியம் என்ற சொல்லை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். வைத்தியர் பார்ப்பதற்கும் பள்ளிக்கூடப் பரீட்சைக்கும் எங்கள் தமிழில் சோதனை என்று ஒரே சொல், அது நான் செய்த பிழை இல்லை. பஞ்சலிங்கம் கையைத் தலையில் வைத்தான்.

"சோதனையோ? நான் அஞ்சாம் வகுப்புச் சோதனையே மூண்டு தரம் எழுதிக் குண்டடிச்சு, பாசாகாதவன்."

"கொழும்பிலை வைச்சு எடுக்கிறாங்களாம்."

"இங்கிலீசிலையோ?"

நான் கடிதத்தை மடித்தேன். "கடிதம் இங்கிலீசிலைதான் கிடக்கு," என்றேன்.

அவன் சிரித்தான். பெரிய சிரிப்பு. வேலிக்கு அங்கால் நின்ற மனைவியைக் கூப்பிட்டு, "சிவக்கொழுந்து, இஞ்சை வா, என்னை மறுபடி பள்ளிக்கூடம் போகட்டாம்," என்றான். அவளும் சிரித்தாள். "அப்ப சிலேற்று வாங்குவமே?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பார்த்தால் மூன்று பேரும் சந்தோசமாக இருந்தோம். அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை.

மார்கழியில் ஒரு துருப்பிடித்த ஆணி அவனுடைய வலது காலில் ஏறியது. சீனி வருத்தக்காரனுக்குக் காலில் ஆணி ஏறினால் என்ன நடக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தையில் விரல்கள் கறுத்தன.

தையில்தான் மூன்றாவது கடிதமும் வந்தது. இது மகனுடையது; சண்டையில் தபால் தடுமாறி, ஆனிக்குப் பிறகு அவனிடமிருந்து வந்த முதல் கடிதம். காலில் ஆணி ஏறிய பிறகு, இங்கிலீசுக் கடிதமெல்லாம் முருகேசண்ணையிடம் நேரே கொடுத்துவிடு என்று பஞ்சலிங்கமே தபால்காரனுக்குச் சொல்லி வைத்திருந்தான்; வெளிநாட்டு முத்திரையைக் கண்டு அவன் இதையும் என்னிடம் தந்துவிட்டான். நான் உறையைத் திறந்தேன். உள்ளே தமிழ். அப்பா ஏன் இரண்டு தரமும் போகவில்லை, என்னில் கோபமோ, இன்னும் ஒரு தேதி கேட்டு எடுத்திருக்கிறேன், மாசி இருபதாம் தேதி, இதையும் விட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்கள், காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தான். நல்ல எழுத்து. நான் ரின்னுக்குள் வைத்தேன். தமிழில் உள்ள கடிதத்துக்கு என்னால் என்ன செய்ய முடியும்? அதில் நான் விடக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை.

பஞ்சலிங்கம் மகனுக்கு எழுதியதும் அந்த ரின்னுக்குள்தான் இருக்கிறது. கொழும்பு போகிற ஆளிடம் கொடுத்துவிடச் சொல்லித் தந்தது. உங்கடை நாட்டுக்காரருக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போலை, பரவாயில்லை, நீ சுகமாயிரு என்று இரண்டு வரி. அப்படிப்பட்ட கடிதம் போய்ச் சேர்ந்தால் பிள்ளை மனம் உடைந்துவிடும் என்று வைத்துக்கொண்டேன்.

மாசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுபது வயதில், தம்பி, அந்த வெயிலில். அவனுடைய சொந்தச் சகோதரம் இரண்டு தரம்தான் வந்தது. ஒரு நாள் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பெடியன் எப்பிடியும் கூப்பிடுவன் எண்டவன் அண்ணை. மறந்து போனான் போலை."

"போனவங்கள் அப்பிடித்தான்," என்றேன். வாயால் நான் சொன்ன ஒரேயொரு பொய் அது. யோசித்துப் பார்த்தால் அதுவும் முழுப் பொய் இல்லை. பொதுவாகச் சொன்னேன்.

நான் அவனுக்குக் கதை சொன்னேன். பழைய கதை, புதுக் கதை, இருந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேள்வி ஒன்றும் வரவில்லை. கடைசி எட்டு நாளும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே களைப்பாகத்தான் இருக்கிறது. ஜெனறேற்றரைச் சனம் கழற்றிக்கொண்டு போய்விட்டது. யாருக்காவது கதை சொல்லத் தொடங்கினால் பாதியில் எனக்கே நித்திரை வருகிறது.

ஆகவே, ஓம். அவனைப் போக விடாமல் செய்தது நான்தான். போயிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். இரண்டு காலோடும் இருந்திருப்பான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், ரீப்பில் பதியலாம், குகதாசனுக்கு அப்படியே சொல்லலாம். நான் கையெழுத்து வைத்துத் தருகிறேன். ஆனால் ஏன் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் எழுதினால் முதலாம் பாகம் மாதிரி ஆகிவிடும்.

நீங்கள் சிவக்கொழுந்தைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். காலையில் கேட்டிருப்பீர்கள், வரமாட்டேன் என்றிருப்பாள். தகப்பனைக் கைவிட்ட பிள்ளையின் சோறு வேண்டாம் என்றிருப்பாள். ஒரு வருடமாக அவள் மகனின் பெயரை வாயில் எடுப்பதில்லை. படத்தையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டாள். நான் கழற்றச் சொல்லவில்லை. கழற்றும்போது கதிரையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். மத்தியானத்தில் எனக்கும் சேர்த்து உலை வைக்கிறாள். நேற்றுக் கத்தரிக்காய்ப் பால்கறி.

இப்போது நீங்கள் எழும்பிப் போய் இந்த ரின்னை அவளுக்கு முன்னால் திறக்கப் போகிறீர்கள். திறவுங்கள், நான் மறிக்கவில்லை. முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்காது. பிறகு விளங்கும். விளங்கினால் அந்த மனுசி தாங்கமாட்டாள், நிலத்தில் விழுந்து அழுவாள். நீங்கள் பயந்துபோக வேண்டாம், தம்பி. அவளை அந்த நேரத்தில் தனியாக விட மாட்டேன். பக்கத்து வீட்டில் நான் இருக்கிறேன்தானே.